ரியாசி லித்தியம்: 59 லட்சம் டன் என்ற எண்ணுக்குள் என்ன இருக்கிறது, ஏலம் ஏன் இரண்டு முறை நின்றது

2023 பிப்ரவரி 9 அன்று மத்திய சுரங்க அமைச்சகம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. ஜம்மு காஷ்மீரின் ரியாசி மாவட்டத்தில், சலால்–ஹைமனா மலைப் பகுதியில், 59 லட்சம் டன் லித்தியம் வளம் இருப்பதாக இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை மதிப்பிட்டிருக்கிறது என்பது அதன் சாரம். அன்று மாலைக்குள்ளேயே தொலைக்காட்சிகள் இந்தியாவை உலக லித்தியம் வரிசையில் முன்னால் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டன. சிலி, ஆஸ்திரேலியா, அர்ஜென்டினா, அடுத்து நாம்தான் என்று பட்டியல்கள் பறந்தன, இனிமேல் பேட்டரிக்கு யாரையும் நம்பியிருக்க வேண்டியதில்லை என்றும் எழுதினார்கள்.

அதற்குப் பிறகு அந்த இடம் இரண்டு தடவை ஏலத்துக்கு வந்தது, இரண்டு தடவையும் ரத்தானது. சுரங்கம் எதுவும் திறக்கப்படவில்லை. ஆனால் 59 லட்சம் டன் என்ற எண் மட்டும் வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றுகிறது. "இவ்வளவு பெரிய புதையலை ஏன் யாரும் வாங்கவில்லை, இதில் என்ன சதி" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள், "எல்லாமே பொய், அங்கே ஒன்றுமே கிடையாது" என்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் பதில் அந்த எண்ணிலேயே இருக்கிறது, அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

## 1. நடந்தவை, வரிசையாக

1. சலால் பகுதியின் பாறைகளில் லித்தியம் கலந்திருக்கிறது என்பது புதுச் செய்தி இல்லை. 1990களில் நடந்த கள ஆய்வை வைத்து 1999-இல் எழுதப்பட்ட புவியியல் ஆய்வுத் துறை அறிக்கையிலேயே அது பதிவாகிவிட்டது. அப்போது லித்தியத்துக்கு இவ்வளவு கிராக்கி இல்லை, அறிக்கை அலமாரிக்குப் போனது.

2. 2023 பிப்ரவரியில் மேலே சொன்ன அறிவிப்பு வந்தது. அதில் பலர் கவனிக்காமல் தாண்டிப்போன இரண்டு சொற்கள் உண்டு: "அனுமானிக்கப்பட்ட வளம்", "ஜி3" (ஆய்வு எந்தப் படியில் நிற்கிறது என்பதற்கான குறி, விளக்கம் கீழே).

3. அதே ஆண்டு ஆகஸ்டில் சுரங்கச் சட்டம் திருத்தப்பட்டது. அதுவரை லித்தியம் அணுசக்திக் கனிமங்களின் பட்டியலில் இருந்தது, தனியார் தொட முடியாது. திருத்தம் லித்தியத்தோடு சேர்த்து ஆறு கனிமங்களை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்தது, முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுத்தது. அக்டோபரில் லித்தியத்துக்கான ராயல்டி, லண்டன் உலோகச் சந்தை விலையில் 3 சதவீதம் என்று முடிவானது.

4. 2023 நவம்பர் 29 அன்று நாடு முழுவதும் 20 கனிமத் தொகுதிகள் ஏலத்துக்கு வந்தன. ரியாசி அதில் ஒன்று.

5. 2024 மார்ச்சில் ரியாசி ஏலம் ரத்து. முதல் முயற்சியில் குறைந்தது மூன்று தகுதியான ஏலதாரர்கள் இருந்தால்தான் அடுத்த கட்டத்துக்குப் போக முடியும், அந்த எண்ணிக்கை தேறவில்லை. உடனே மறுபடியும் அறிவித்தார்கள். இரண்டாவது முயற்சியில் மூன்று பேர் என்ற கட்டாயம் கிடையாது. அப்படியிருந்தும் அதுவும் ரத்தில்தான் முடிந்தது.

இதே காலத்தில், 2024 ஜூனில், சத்தீஸ்கரின் கட்கோரா லித்தியம் தொகுதி ஏலம் போய்விட்டது. ஆக, "இந்தியாவில் லித்தியத்துக்கு ஆளே இல்லை" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ரியாசிக்கு மட்டும் ஏன் இப்படி என்பதுதான் கேள்வி.

## 2. 59 லட்சம் டன் எதனுடைய எடை?

குழப்பத்தின் வேர் இதுதான். நாடாளுமன்றத்தில் அமைச்சகம் அளித்த பதில்களில் இது "59 லட்சம் டன் லித்தியம் தாது" என்று தெளிவாகவே வருகிறது. தாது என்றால் லித்தியம் கலந்த பாறை, மண், எல்லாம் சேர்ந்தது. அதில் லித்தியம் எவ்வளவு என்பது வேறு கணக்கு.

உலகப் பட்டியல்களில் வரும் எண்கள் அப்படியல்ல. அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் 2023-இல் வெளியிட்ட பட்டியலில் சிலிக்கு 93 லட்சம் டன், ஆஸ்திரேலியாவுக்கு 62 லட்சம் டன் என்று போட்டிருந்தது. அவை தனி லித்தியத்தின் எடை, அதுவும் எடுத்தால் லாபம் வரும் என்று கணக்குப் போட்டு உறுதிசெய்த இருப்பு. அந்த வரிசையில் பாறையின் எடையைக் கொண்டுபோய்ச் செருகியதால்தான் நாம் திடீரென்று உலகத்தில் மூன்றாவது, நான்காவது என்று ஆனோம்.

சரி, ரியாசி தாதுவில் லித்தியம் எத்தனை பங்கு? பத்து லட்சம் பங்கில் 500-க்கு மேல், அதாவது 500 பிபிஎம்முக்கு மேல் என்பது அன்றைய செய்திகளில் அடிபட்ட அளவு. அதை அப்படியே எடுத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடலாம்.

1. ஒரு டன் பாறையில் 500 பிபிஎம் என்றால் அரை கிலோ லித்தியம்.
2. 59 லட்சம் டன்னில் அது 2,950 டன். தாராளமாக 1,000 பிபிஎம் என்று வைத்தாலும் 5,900 டன்.
3. சந்தையில் விற்கப்படுவது லித்தியம் கார்பனேட். ஒரு டன் லித்தியத்திலிருந்து சுமார் 5.3 டன் கார்பனேட் வரும். 2,950 டன்னுக்கு ஏறக்குறைய 15,700 டன் கார்பனேட்.
4. டன்னுக்கு 12,000 டாலர் என்று வைத்தால் மொத்தமே 19 கோடி டாலர் அளவு, அதாவது ஏறக்குறைய 1,600 கோடி ரூபாய். இது ஒரு துளிகூட வீணாகாமல் முழுவதையும் எடுத்துவிட்டால் வரும் விற்பனைத் தொகை. செலவு எதுவும் இதில் கழிக்கப்படவில்லை.

2022-இல் உலகம் முழுவதும் தோண்டி எடுக்கப்பட்ட லித்தியம் சுமார் 1,30,000 டன். 2,950 டன் என்பது அதில் எட்டு நாள் உற்பத்தி. பல லட்சம் கோடி ரூபாய்ப் புதையல் என்று காட்டப்பட்டதன் அளவு, இன்றைக்குத் தெரிந்த தகவலின்படி, இவ்வளவுதான்.

இதைச் சொல்வது ஆய்வு செய்தவர்களைக் குறை சொல்ல இல்லை. அவர்கள் எழுதியதில் தவறில்லை, தாது என்றும் அனுமானம் என்றும் எழுதியிருந்தார்கள். அந்தச் சொற்களை வெட்டிவிட்டு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டது நாம். கர்நாடகத்தில் மாண்டியா பக்கம் மார்லகல்லாவிலும் இதே கதைதான்: முதலில் 14,100 டன் என்று ஒரு மதிப்பீடு பெரிதாகப் பேசப்பட்டது, பிறகு அணுக்கனிம இயக்ககம் சொன்ன எண் 1,600 டன். முதல் எண்ணுக்குக் கிடைத்த தலைப்புச் செய்தியில் பாதிகூட இரண்டாவதற்குக் கிடைக்கவில்லை.

## 3. ஜி3 என்றால் என்ன?

கனிம ஆய்வில் நம்பகத்தன்மைக்கு நான்கு படிகள் உண்டு. ஜி4 முதல் படி: ஒரு பகுதியைப் பொதுவாகச் சுற்றிப் பார்த்து, நீரோடை மணலிலும் பாறை முகட்டிலும் மாதிரி எடுத்து, இங்கே ஏதோ இருக்கலாம் என்று சொல்வது. ஜி3-இல் பள்ளம் வெட்டுவார்கள், அகலமான இடைவெளி விட்டுச் சில துளைகள் போடுவார்கள். ஜி2-இல் துளைகள் நெருங்கும், தாதுப் படுகையின் நீளம், அகலம், தடிமன் ஓரளவு நம்பிக்கையாகத் தெரியும். ஜி1 என்றால் சுரங்கத் திட்டமே வரையலாம்.

ஜி3-இல் இரண்டு துளைகளுக்கு நடுவில் இருப்பது கண்ணால் பார்க்காத பாறை. இங்கேயும் இருக்கிறது, அங்கேயும் இருக்கிறது, அதனால் நடுவிலும் இருக்கும் என்று ஊகிக்கிறோம். இமயமலை மாதிரி நசுங்கி, மடிந்து, உடைந்து கிடக்கும் நிலத்தில் அந்த ஊகம் இரண்டு பக்கமும் தப்பலாம். படுகை நடுவிலேயே அறுந்து போயிருக்கலாம், நினைத்ததைவிடத் தடிமனாகவும் இருக்கலாம். எனவே 59 லட்சம் டன் குறையவும் இடமுண்டு, கூடவும் இடமுண்டு.

இன்னொரு பிரிவையும் சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். "வளம்" என்பது நிலத்துக்குள் இருப்பதாக மதிப்பிடப்படுவது. "இருப்பு" என்பது அதில், இன்றைய விலையிலும் இன்றைய தொழில்நுட்பத்திலும் சட்டப்படி லாபமாக எடுக்கக்கூடிய பகுதி. ரியாசியில் இதுவரை அறிவிக்கப்பட்டது வளம் மட்டுமே. இருப்பு என்று சொல்ல வேண்டுமானால் பாறையிலிருந்து லித்தியத்தைப் பிரிக்கும் முறை உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். ரியாசியின் உண்மையான சிக்கல் அங்கேதான்.

## 4. பாறைதான் பிரச்சினை

உலகத்தில் லித்தியம் இன்று இரண்டு வழிகளில்தான் பெருமளவில் வருகிறது. தென் அமெரிக்காவின் உப்புச் சமவெளிகளில் நிலத்தடி உவர்நீரை மேலே இறைத்து, பரந்த தொட்டிகளில் விட்டு, வெயிலில் வற்றவைத்து எடுப்பது ஒன்று. ஆஸ்திரேலியாவில் ஸ்போடுமீன் என்ற கனிமம் உள்ள கடினப் பாறையை வெட்டி எடுப்பது மற்றொன்று. இரண்டாவது முறையில் பாறையை நொறுக்கி, ஸ்போடுமீனைத் தனியே மிதக்கவைத்துச் செறிவாக்கி, ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடாக்கி, அமிலத்தில் கரைப்பார்கள். இதில் முக்கியமான படி அந்தச் செறிவாக்கம். லித்தியம் முழுவதும் ஸ்போடுமீன் படிகத்துக்குள் இருப்பதால், மீதிப் பாறையை ஆரம்பத்திலேயே தள்ளிவிட முடிகிறது. அமிலமும் எரிபொருளும் தேவைப்படுவது மிஞ்சும் சிறு பகுதிக்கு மட்டும். மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரீன்புஷஸ் சுரங்கத்தில் தாதுவே 9,000 பிபிஎம் அளவுக்கு லித்தியம் கொண்டது.

ரியாசி இந்த இரண்டிலும் சேராது. அங்கே லித்தியம் இருப்பது பாக்சைட் என்ற அலுமினியத் தாதுவிலும் அதோடு ஒட்டிய களிப்பாறையிலும். மிகப் பழைய சுண்ணாம்புப் பாறை வெயிலிலும் மழையிலும் நீண்ட காலம் அரித்துக் கிடந்தது. அந்த மேட்டின் மேல் அலுமினியம் மிகுந்த மண் சேர்ந்தது. பிறகு ஈயோசீன் காலத்தில், சுமார் ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன், கடல் ஏறி வந்தபோது அதன் மேல் சுபாத்து என்று அழைக்கப்படும் படிவுகள் படிந்தன, நிலக்கரிப் படலங்களோடு சேர்த்து. இமயமலை எழும்பியபோது இந்த அடுக்கு முழுவதும் சாய்ந்து மேலே வந்தது. ஜம்முவின் பாக்சைட் பற்றிப் புவியியலாளர்களுக்கு நெடுங்காலமாகத் தெரியும், அதற்குள் லித்தியம் இருப்பதுதான் பின்னால் தெரிந்தது.

அந்தப் பாறையை உடைத்துப் பார்த்தால் சாம்பலும் வெளிர்நிறமுமாக, பட்டாணி அளவு உருண்டைகள் பதிந்த கட்டியாக இருக்கும். லித்தியம் கண்ணுக்குத் தெரியாது. செம்பு என்றால் பச்சைக் கறை காட்டிக்கொடுக்கும், இரும்பு என்றால் சிவப்பு காட்டிக்கொடுக்கும். இதற்கு அப்படி அடையாளம் எதுவும் கிடையாது. களத்தில் பாறை முன்னால் நீட்டி உலோகங்களை அளக்கும் எக்ஸ் கதிர்க் கையடக்கக் கருவிகூட இங்கே உதவாது, லித்தியம் அவ்வளவு இலேசான தனிமம், அந்தக் கருவியின் கண்ணில் படாது. துளையிலிருந்து வரும் பாறைத் தண்டை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, ஒரு பாதியைப் பெட்டியில் பத்திரப்படுத்தி, மறுபாதியைப் பொடித்து, அமிலத்தில் கரைத்து ஆய்வகத்தில் அளந்தால்தான் எண் வரும். ஒவ்வொரு மாதிரிக்கும் இந்த வேலை உண்டு.

களிப்பாறையில் லித்தியம் நுண்ணிய களிக்கனிமங்களின் அடுக்குகளுக்குள் சிதறிப் போயிருக்கும். தனியே பொறுக்கி எடுக்கக்கூடிய படிகம் கிடையாது. எனவே ஸ்போடுமீனில் செய்கிற மாதிரி முதலிலேயே கழிவைத் தள்ளிவிடுவது கடினம், கிட்டத்தட்ட தோண்டியது முழுவதையும் அமிலத்திலோ சூளையிலோ போட வேண்டியிருக்கும். அமிலம் லித்தியத்தை மட்டும் கரைக்காது, அலுமினியம், மெக்னீசியம், இரும்பு என்று எல்லாவற்றையும் கரைக்கும். பிறகு அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தள்ள வேண்டும், அமிலத்தைச் சுண்ணாம்பு போட்டு நடுநிலையாக்க வேண்டும். கடைசியில் மிஞ்சும் கழிவு, உள்ளே போன தாதுவைவிட எடை கூடுதலாகவே இருக்க வாய்ப்புண்டு.

ஒரு நடுத்தர மின்சாரக் காரின் பேட்டரிக்குச் சுமார் 40 கிலோ லித்தியம் கார்பனேட் தேவை. 500 பிபிஎம் தாதுவில், இழப்பே இல்லை என்று வைத்தாலும், ஒரு காருக்கு 15 டன் பாறை. இழப்பையும் சேர்த்தால் 20 டன்னைத் தாண்டும்.

அமெரிக்காவில் நெவாடாவின் தாக்கர் பாஸ் களிமண் லித்தியத் திட்டத்தை இதற்கு முன்மாதிரியாகச் சிலர் காட்டுவார்கள். அங்கே அளவு சுமார் 3,000 பிபிஎம், ரியாசி பற்றிச் சொல்லப்பட்டதைப்போலப் பல மடங்கு. தாது மேலோட்டமாகப் பரந்து கிடக்கிறது, நிலம் வறண்ட சமவெளி, கழிவைக் கொட்ட இடம் இருக்கிறது, கந்தக அமிலத்தைத் தாங்களே தயாரிக்க ஆலை கட்டுகிறார்கள். அப்படியிருந்தும் பல ஆண்டு சோதனை, வழக்கு, அரசுக் கடன் என்று எல்லாம் தாண்டித்தான் கட்டுமானம் ஆரம்பித்தது. பாக்சைட்டோடு சேர்ந்த லித்தியக் களியில் சீனாவின் குயிசோ, யுன்னான் பகுதிகளில் நிறைய ஆராய்ச்சி நடக்கிறது. ரியாசியைப் பொறுத்தவரை நமக்கு உண்மையில் உதவக்கூடிய ஒப்பீடு அந்த வகைதான், ஆஸ்திரேலியாவோ சிலியோ அல்ல.

## 5. ஏலத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் என்ன பார்த்தார்?

ரியாசி கூட்டு உரிமமாக ஏலத்துக்கு வந்தது. அதாவது எடுப்பவர் முதலில் தன் செலவில் ஆய்வை முடிக்க வேண்டும், தாது உறுதியானால் அதற்குப் பிறகு சுரங்கக் குத்தகை. ஆனால் எடுக்கப்போகும் கனிமத்தின் மதிப்பில் எத்தனை சதவீதத்தை அரசுக்குத் தருவேன் என்பதை ஏலத்தன்றே சொல்லிவிட வேண்டும், அதில்தான் போட்டி. ராயல்டி அதற்கு மேல் தனி.

அந்த இடத்தில் ஒரு நிறுவனத்தின் கணக்காளரை நினைத்துப் பாருங்கள். அவர் முன் இருக்கும் தகவல்: ஜி3 மதிப்பீடு, எந்த முறையில் பிரிக்கலாம் என்பது உறுதியில்லை, எத்தனை சதவீதம் மீட்க முடியும் என்பது தெரியாது. ஆனாலும் வருமானத்தில் பங்கை இப்போதே எழுதிக் கொடுக்க வேண்டும். மீட்பு 80 சதவீதமா 40 சதவீதமா என்பதைப் பொறுத்துத் திட்டம் லாபமா நஷ்டமா என்பதே மாறும்போது எதை எழுதுவார்?

இதற்கு நடுவில் விலை சரிந்தது. 2022 நவம்பரில் சீனச் சந்தையில் லித்தியம் கார்பனேட் டன்னுக்கு 6 லட்சம் யுவானை நெருங்கியிருந்தது. ரியாசி அறிவிப்பு வந்தபோது இறக்கம் ஆரம்பித்துவிட்டது, ஏலம் நடந்த மாதங்களில் விலை 1 லட்சம் யுவான் பக்கம் வந்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் 9,000 பிபிஎம் தாது வைத்திருந்தவர்களே உற்பத்தியைக் குறைத்த காலம் அது.

பாதுகாப்பு பற்றிய கவலையும் உண்டு. 2024 ஜூன் 9 அன்று ரியாசி மாவட்டத்தில் யாத்ரீகர்கள் சென்ற பேருந்து மீது நடந்த பயங்கரவாதத் தாக்குதலில் 9 பேர் உயிரிழந்தார்கள். முதல் ஏலம் ரத்தானது அதற்கு முன்பே என்பதால் தோல்விக்கு இதைக் காரணமாகச் சொல்ல முடியாது, ஆனால் காப்பீடு, ஆட்கள், இயந்திரம் என்று கணக்குப் போடுபவர் இதை ஒதுக்கிவிட்டுப் போட மாட்டார்.

கட்கோரா ஏன் போனது என்பதற்கும் பதில் இதிலேயே வந்துவிடுகிறது. அது கடினப் பாறை வகை, தெரிந்த வேதியியல். கோர்பா மாவட்டத்தில் நிலக்கரிச் சுரங்கங்களுக்காகப் போட்ட ரயிலும் மின்சாரமும் ஏற்கெனவே உண்டு. அங்கேயும் ஆய்வு ஆரம்ப நிலைதான். ஆனாலும் ஏலதாரர் எடுத்த சூதின் அளவு வேறு.

எனவே ரியாசி ஏலம் நின்றதில் சதி எதையும் தேட வேண்டியதில்லை. தெரியாத பொருளுக்கு விலை சொல்ல யாரும் முன்வரவில்லை. தவறு என்று ஒன்றைச் சுட்ட வேண்டுமானால், அறிவிப்பு வந்து பத்து மாதத்துக்குள் ஏலத்துக்குப் போன அந்த அவசரத்தைச் சுட்டலாம்.

## 6. சாலை இருக்கிறது, இடம் இல்லை

மலைப்பகுதிச் சுரங்கம் என்றால் முதலில் சாலை எங்கே என்று கேட்பது வழக்கம். ரியாசியில் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. சலாலில் செனாப் ஆற்றின் மீது 690 மெகாவாட் நீர்மின் நிலையம் பல பத்தாண்டுகளாக ஓடுகிறது. ஆற்றுப் படுகையிலிருந்து 359 மீட்டர் உயரத்தில் நிற்கும் செனாப் ரயில் பாலம் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது, 2025 ஜூன் 6 அன்று திறக்கப்பட்டது. மின்சாரமும் ரயிலும் இவ்வளவு பக்கத்தில் கிடைக்கும் இமயமலைக் கனிமப் பகுதிகள் குறைவு.

இல்லாதது சமதளம். அமிலத்தில் ஊறிய கழிவை நூறாண்டு கசியாமல் வைத்திருக்க அகலமான, உறுதியான, நீர் புகாத நிலம் வேண்டும். இங்கே இருப்பது செங்குத்துச் சரிவு, பருவமழையில் வழுக்கும் மண், போதாக்குறைக்கு ரியாசி பிளவுக்கோடு என்ற உயிர்ப்புள்ள நிலப்பிளவு இந்த வட்டாரத்தின் ஊடாகவே போகிறது. சலால் அணையின் நீர்த்தேக்கம் ஏற்கெனவே வண்டலால் ஏறக்குறைய நிரம்பிவிட்டது. மேலே இருக்கும் சரிவுகளைத் தோண்டினால் மண் எங்கே வந்து சேரும் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. செனாப் கீழே போய் பாகிஸ்தானுக்குள் பாயும் ஆறு, எனவே ஒரு கழிவணை உடைந்தால் அது மாவட்ட நிர்வாகத்தோடு முடிகிற விஷயமாக இருக்காது.

அப்புறம் அங்கே வாழும் மக்கள். 2023-இல் சலாலில் வேலை வரும், ஊர் செழிக்கும் என்று மக்கள் மகிழ்ந்ததைச் செய்திகள் காட்டின. அந்த எதிர்பார்ப்பு நியாயமானது. ஆனால் வீட்டையும் வயலையும் இழக்க நேருமா, எவ்வளவு பரப்பு, எப்போது என்று யாராலும் சொல்ல முடியாத நிலையில் தொகுதி என்ற கோடு மட்டும் வரைபடத்தில் விழுந்துவிட்டது. அப்படிக் கோடு விழுந்த நிலத்தில் வீட்டை விரிவாக்கலாமா, நிலத்தை விற்கலாமா என்று குடும்பங்கள் தயங்குவது இயல்பு. சுரங்கம் வராமலே ஓர் ஊர் கொடுக்கும் விலை இது, எந்த ஏல ஆவணத்திலும் இதற்கு வரிசை எண் கிடையாது. எனக்கு இந்த விஷயத்திலேயே அதிகம் உறுத்துவது இதுதான்.

## 7. இப்படித் தூங்கும் இடங்கள் பிறகு என்ன ஆகின்றன?

ஏலம் ரத்தானால் கதை முடிந்தது என்று அர்த்தமில்லை. ரஷ்யாவில் பைக்கால் ஏரிக்குக் கிழக்கே உள்ள மலைகளில் உடோகான் செம்புப் படுகை 1949-இல் கண்டுபிடிக்கப்பட்டது. உறைந்த நிலம், சாலையில்லை, தாதுவும் பிரித்தெடுக்கக் கடினமான கலவை. பைக்கால்–அமூர் ரயில்பாதை பிறகு அந்தப் பக்கம் வந்தது, தொழில்நுட்பம் வந்தது, செம்பின் விலை ஏறியது. 2023-இல்தான் அங்கே உற்பத்தி தொடங்கியது, 74 ஆண்டுகள் கழித்து.

எதிர்த்திசையிலும் உதாரணம் உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், பனியாறுகளுக்கு நடுவில் உள்ள விண்டி கிராகி மலையில், சுமார் 1.4 சதவீதம் செம்புள்ள தாது 30 கோடி டன் அளவுக்கு இருக்கிறது. நில அதிர்வு மிகுந்த இடம், கந்தகத் தாது என்பதால் காற்றும் நீரும் பட்டால் தானே அமிலம் கசியும், கீழே சால்மன் மீன்கள் ஏறி வரும் டாட்ஷென்ஷினி ஆறு. 1993-இல் மாகாண அரசு அந்த நிலம் முழுவதையும் பூங்காவாக அறிவித்தது, அடுத்த ஆண்டு அது உலகப் பாரம்பரியத் தலமானது. தாது இன்றும் அங்கேயே இருக்கிறது, யாரும் தோண்டப் போவதில்லை. சுரங்க உரிமை வைத்திருந்தவர்களுக்கு அரசு இழப்பீடு கொடுத்தது.

ரியாசி எந்தப் பக்கம் போகும் என்பதை முடிவு செய்யும் அளவுக்குத் தகவல் இன்று இல்லை. அந்தத் தகவலை உருவாக்கும் செலவை யார் ஏற்பது என்பதுதான் அடுத்த கேள்வி. என் கருத்து, அரசுதான் ஏற்க வேண்டும். 2025 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற தேசிய முக்கியக் கனிம இயக்கத்துக்கு மத்திய அரசு ஒதுக்கியது 16,300 கோடி ரூபாய். சலால் மலையில் நெருக்கமாகத் துளை போடுவதும், ஒரு சிறு சோதனை ஆலையில் சில நூறு டன் தாதுவைப் பிரித்துப் பார்ப்பதும் அந்தத் தொகையில் தூசு மாதிரி. முடிவு "லாபமில்லை" என்று வந்தாலும் அது பயனுள்ள முடிவுதான், சலால் குடும்பங்கள் அவரவர் வேலையைப் பார்க்கலாம்.

## 8. அடுத்த முறை செய்தி வரும்போது

விலை மறுபடி ஏறும்போது ரியாசி தலைப்புச் செய்தியாக வரும், அது நிச்சயம். அப்போது எண்ணைப் பார்ப்பதற்கு முன் கீழே உள்ளவற்றைத் தேடிப் பாருங்கள்.

1. எடை தாதுவுக்கா, லித்தியத்துக்கா, கார்பனேட்டுக்கா? மூன்றும் செய்திகளில் ஒரே சொல்லால் வரும்.

2. ஆய்வு ஜி2-க்கு வந்திருக்கிறதா? இன்னும் ஜி3 என்றே இருந்தால், எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் 2023-இல் நின்ற இடத்திலேயே நிற்கிறோம்.

3. சராசரி பிபிஎம் எவ்வளவு, சோதனையில் எத்தனை சதவீதம் மீட்டார்கள்? ஓரிரு மாதிரியில் கிடைத்த உச்ச அளவைப் போட்டுச் சராசரியைச் சொல்லாமல் விடுவது உலகம் முழுக்கச் சுரங்கச் செய்திகளில் நடப்பது, அதனால் "அதிகபட்சம்" என்ற சொல்லைக் கண்டால் உடனே சராசரியைக் கேளுங்கள்.

4. கழிவை எங்கே வைக்கப் போகிறார்கள் என்று வரைபடத்தில் காட்டியிருக்கிறார்களா? சலால் சரிவுகளில் அதற்கு இடம் கிடைக்காமல் தாதுவை ரயிலில் ஏற்றிச் சமவெளிக்குக் கொண்டுபோவதாக இருந்தால், அரை கிலோ லித்தியத்துக்காக ஒரு டன் பாறையைச் சுமக்கும் செலவு கணக்கில் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.